‘நான்’ பொய்யா? அப்படியானால் விடுதலை யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை சயானில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் கூடிப் படிக்கிறோம். எல்லோரும் இந்தப் பக்கத்துத் தமிழர்கள்தான். தாராவியில் தோல் பை தைக்கும் ஒருவர், செம்பூரிலிருந்து வரும் செவிலியர், மாட்டுங்காவில் கணக்கு எழுதும் பெரியவர், இரண்டு கல்லூரி மாணவிகள், இன்னும் சிலர். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அதனால் எல்லோருக்கும் ‘டீச்சர்’. ‘நான்’ என்பது உண்மையா, வெறும் தோற்றமா, தோற்றம் என்றால் விடுதலை யாருக்கு என்கிற பேச்சு ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேள்வியையும் நான் சொல்லும் பதிலையும் எழுதி வைக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். அதை மறைக்கவில்லை.

நான் இருக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இருப்பதில் சந்தேகமில்லை. என்னவாக இருக்கிறோம் என்பதில்தான் சந்தேகம். கண்ணுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பார்க்கிறார், முடிவெடுக்கிறார், கைகால்களுக்கு உத்தரவு போடுகிறார், பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாமல் அவரேதான் இருக்கிறார் என்று நாம் யோசிக்காமலே எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆளைத் தேடிப் பார்த்தவர்கள் பலர். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739-ல் வெளிவந்த தன் நூலில், உள்ளே நுழைந்து பார்க்கும்போதெல்லாம் சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் உணர்வு தட்டுப்படுகிறதே தவிர ‘நான்’ தட்டுப்படவில்லை என்கிறார். நீங்களும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். முதுகு வலி கிடைக்கும், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கிடைக்கும், நாளைக்குக் கட்ட வேண்டிய தவணை ஞாபகம் வரும். இவை யாருக்கு வருகின்றனவோ அவர் மட்டும் தனியாக அகப்பட மாட்டார்.

மாயை என்றால் ‘இல்லை’ என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தீபாவளிக்கு எங்கள் கட்டடத்து நடையில் பிள்ளைகள் கம்பி மத்தாப்பைச் சுழற்றுவார்கள். இருட்டில் நெருப்பு வட்டம் தெரியும். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, படமும் எடுக்கலாம், ஆகவே ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்ல முடியாது. ஆனால் வட்டம் என்று ஒரு பொருள் அங்கே கிடையாது. ஒரு பொறியும் சுழற்றும் கையும்தான் உண்டு. கை நின்றால் வட்டம் எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை. ‘நான்’ மாயை என்கிறவர்களில் விவரமானவர்கள் சொல்வது இதைத்தான். நடந்துகொண்டே இருக்கும் ஒன்றை, கிடந்துகொண்டே இருக்கும் ஒன்றாக நினைத்துவிட்டோம் என்கிறார்கள்.

புத்தர் ஆன்மா இல்லை என்று சொன்னாரா?

சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன இரண்டாவது உரையில், ஆன்மா என்ற ஒன்று எங்குமே இல்லை என்று அவர் அறிவிக்கவில்லை. வேறு மாதிரி கேட்டார். இந்த உடம்பு உண்மையிலேயே உன்னுடையது என்றால், ‘இப்படி இரு, இப்படி இராதே’ என்று நீ சொன்னால் கேட்க வேண்டாமா? கேட்பதில்லையே. நோய் வருகிறது, நரைக்கிறது. உணர்ச்சியும் அப்படித்தான், நினைப்பும் அப்படித்தான். உன் சொல் கேட்காத ஒன்றை ‘இது நான், இது எனது’ என்று எப்படிச் சொல்கிறாய்? கேள்வி முழுவதும் அதிகாரத்தைப் பற்றியது. ஆன்மா பேச்சும் விடுதலைப் பேச்சும் தொடக்கத்திலேயே ஒரே பேச்சாக இருந்தன என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சம்பவமும் உண்டு. வச்சகோத்தன் என்ற பரிவிராசகன், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, வந்து ‘ஆன்மா உண்டா?’ என்று நேராகவே கேட்டான். புத்தர் பேசவில்லை. ‘அப்படியானால் இல்லையா?’ என்றான். அதற்கும் பேசவில்லை. அவன் எழுந்து போன பிறகு சீடர் ஆனந்தர் காரணம் கேட்டார். உண்டு என்றால் அழியாத ஆன்மாவை நம்புகிறவர்களோடு சேர்ந்ததாகிவிடும்; இல்லை என்றால், ஏற்கெனவே குழம்பியிருக்கிற அவன் ‘நேற்றுவரை இருந்த என் ஆன்மா இன்றைக்குப் போய்விட்டதே’ என்று இன்னும் கலங்குவான் என்றார். கேட்கிறவனின் நிலை அறிந்து வாயை மூடிக்கொண்ட அந்த ஆசிரியர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வகுப்பறையில் நின்றவளுக்கு அதன் அருமை தெரியும்.

தமிழில் இதைத் தெரிந்துகொள்ள மணிமேகலையின் கடைசிக் காதைக்குப் போகலாம். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டு அங்கே வரிசையாக வரும். ஒவ்வொன்றும் முந்தையதைச் சார்ந்து நிற்கிறது. அதனால்தான் அவற்றுக்குச் ‘சார்பு’ என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவ சித்தாந்தம் இதை மறுக்கிறதே? அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லையா?

நிறைய நியாயம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதம் பன்னிரண்டே நூற்பாக்கள். மூன்றாவது நூற்பா முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில். ‘உளது இலது என்றலின்’ என்று தொடங்குகிறது. உடம்பு, புலன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ‘இதில்லை, இதில்லை’ என்று சொல்லிக்கொண்டே போகிறாயே, அப்படிச் சொல்கிற ஒன்று இருக்க வேண்டாமா என்கிறார். அடுத்து ‘எனது உடல் என்றலின்’. என் வீடு என்கிறவன் வீட்டுக்கு வேறாக இருப்பதுபோல, என் உடம்பு என்கிறவன் உடம்புக்கு வேறு. தூக்கத்தில் உடம்பும் மூச்சும் இருந்தும் உண்பதும் செயலும் நின்றுபோவதையும் காட்டுகிறார்.

மாட்டுங்காப் பெரியவர் இந்த நூற்பாவைச் சொன்னால் கண் கலங்குவார். அவர் அப்பா சொல்லிக் கொடுத்த பாடம். ‘இல்லைன்னு சொல்றதுக்கும் ஒருத்தன் வேணுமில்லையா, டீச்சர்?’ என்பார்.

‘எனது உடல்’ என்ற வாதம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. ‘என் உயிர்’ என்றும்தான் சொல்கிறோம், ‘என் மனசாட்சி’ என்றும் சொல்கிறோம். வேற்றுமை உருபை வைத்து ஆள் எண்ணிக்கை போட முடியாது. ஆனால் அதே நூற்பாவில் ‘உணர்த்த உணர்தலின்’ என்று ஒன்று இருக்கிறது. உயிர் தானாக அறியாது, அறிவித்தால்தான் அறியும். சித்தாந்திகள் உயிருக்குச் சொல்லும் இலக்கணமே ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. எதைச் சார்கிறதோ அதன் நிறமாகிவிடும். பாசத்தை, அதாவது கட்டிப்போடுவதைச் சார்ந்தால் பாசம்; பதியை, அதாவது இறைவனைச் சார்ந்தால் பதி.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பௌத்தமும் சைவமும் தமிழில் எத்தனையோ தலைமுறை வாதாடியிருக்கின்றன. ஆனால் தனியே தன்காலில் நிற்கிற ‘நான்’ கிடையாது என்பதில் இரண்டும் ஒரே சொல்லைத்தான் எடுக்கின்றன: சார்பு. குறளிலும் மெய்யுணர்தல் அதிகாரத்தில் ‘சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்’ என்று இருக்கிறது. முதல் சார்பு, நாம் உணர்ந்து பற்றிக்கொள்ள வேண்டியது. இரண்டாவது சார்பு, கெட வேண்டிய பற்று. ஒரே சொல், ஒரே அடியில், இரண்டு பக்கமும். என் பதில் என்ன என்று கேட்டால் இதுதான். ‘நான்’ பொய்யில்லை. ‘நான் எதையும் சாராமல் நிற்கிறேன்’ என்பதுதான் பொய்.

ஆணவம் என்றால் திமிர் என்றுதானே அர்த்தம்? அதையும் இதில் ஏன் இழுக்கிறார்கள்?

பேச்சுவழக்கில் திமிர்தான். சித்தாந்தத்தில் அது உயிரை அணுவாகச் சுருக்கும் மலம், அதாவது உயிரோடு ஒட்டிய அழுக்கு. கூனிக் குறுகி ‘என்னால் என்ன முடியும்’ என்று கிடப்பதும் ஆணவத்தின் வேலைதான். இதைக் கேட்டதும் செம்பூர்ச் செவிலியர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்.

‘நான் யார்?’ என்று விசாரித்தால் விடை கிடைக்குமா?

ரமணர் 1896-ல் மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் பதினாறு வயதில் மரண பயம் வந்து, பிணம்போல் படுத்து ‘இந்த உடம்பு செத்தால் நான் சாகிறேனா?’ என்று பார்த்தார். சில வருஷங்களுக்குப் பிறகு சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குப் பேசாமல் எழுதிக் காட்டிய பதில்கள்தான் ‘நான் யார்?’ என்று வந்தன. அதுவும் கேள்வி–பதில்தான். அங்கே விடை ஒரு வாக்கியமாக வராது. கேட்கிற எண்ணமும் கடைசியில் அடங்கிவிடும் என்கிறார். பிணம் சுடும் தடிபோலத் தானும் எரிந்துபோகும் என்பது அவர் சொன்ன உவமை.

நம் ஊரில் தூரம் போக வேண்டாம். கேத்வாடிச் சந்தில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜ் 1981-ல் மறையும்வரை வீட்டு மாடியறையில் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரு கொடுத்த வேலை ஒன்றுதான்: ‘இருக்கிறேன்’ என்ற உணர்வைப் பிடித்துக்கொண்டிரு, அதனோடு ஒட்டிக்கொள்ளும் மற்றதையெல்லாம் விடு. கடையைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பீடி விற்பதற்கும் மெய்ப்பொருள் தேடுவதற்கும் அவர் தனித்தனி நேரம் ஒதுக்கவில்லை.

மூளை ஆராய்ச்சி ‘நான்’ இல்லை என்று நிரூபித்துவிட்டதாமே?

நிரூபித்துவிடவில்லை. ஆனால் அசைத்திருக்கிறது. வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைச் சிலருக்கு வெட்டினார்கள். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு வேலை செய்த மைக்கேல் கசானிகாவின் சோதனை ஒன்று. மூளையின் பேசும் பாதிக்குக் கோழிக்காலையும், பேசாத பாதிக்குப் பனி கொட்டிய காட்சியையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தை எடு என்றதும் ஒரு கை கோழியை எடுத்தது, இன்னொரு கை மண்வாரியை எடுத்தது. பனியை அள்ள மண்வாரி, சரிதான். ஆனால் பேசும் பாதி பனியைப் பார்க்கவேயில்லை. மண்வாரி எதற்கு என்று கேட்டால் ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். அது தயங்காமல், ‘கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய’ என்றது.

இதைப் படித்த பிறகு ஒரு வாரம் என் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு ‘ஏனென்றால்’-ஐயும் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். நாம் செய்ததற்கு நாமே சொல்லும் காரணம், பல சமயம் நடந்து முடிந்த பிறகு கட்டிய கதை.

பெஞ்சமின் லிபெட் சோதனை? அப்போது சுதந்திரமே இல்லை என்றாகிறதே?

மூளை ஆராய்ச்சியாளரான அவர் குழு 1983-ல் வெளியிட்டது அது. விரும்பும்போது மணிக்கட்டை அசை, அசைக்க வேண்டும் என்று தோன்றிய நொடியைக் கடிகாரத்தில் பார்த்துச் சொல் என்றார்கள். மூளையின் தயாரிப்பு அசைவுக்கு அரை நொடிக்கும் சற்று முன்பே தொடங்கிவிட்டது. ‘தோன்றியது’ என்று ஆட்கள் சொன்ன நேரமோ அசைவுக்கு ஏறக்குறைய 0.2 நொடி முன்புதான். மூளை முதலில், நான் அப்புறம் என்று பலர் முடிவுகட்டினார்கள். லிபெட்டே அப்படிச் சொல்லவில்லை. கடைசிக் கணத்தில் தடுக்கும் சக்தி உண்டு என்றார். 2012-ல் ஆரோன் ஷூர்கரும் கூட்டாளிகளும், அந்தத் தயாரிப்பு அலை ஏற்கெனவே எடுத்த முடிவாக இருக்க வேண்டியதில்லை, மூளையில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கம் ஒரு வரம்பைத் தொடுவதாகவும் இருக்கலாம் என்று காட்டினார்கள்.

என் மறுப்பு வேறு. சுதந்திரத்தை அந்த அரை நொடிக்குள் போய்த் தேடியதே தப்பு. டோம்பிவிலியில் குடியிருந்தபோது பதினோரு வருஷம் தினமும் காலையில் ரயிலில் வந்து தாதரில் இறங்கினேன். பெண்கள் பெட்டியில் அந்த நேரத்துக் கூட்டம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாதரில் யாரும் இறங்குவதில்லை, இறக்கப்படுகிறோம். கால் தரையில் படுகிறதா என்பதே தெரியாது. அந்த நொடியில் ‘நான் இறங்க முடிவெடுத்தேன்’ என்று சொன்னால் அது மண்வாரிக் கதைதான். ஆனால் காட்கோபர் வரும்போதே முன்னால் நிற்பவளிடம் ‘தாதர்?’ என்று கேட்டு, பையை முன்பக்கம் போட்டு, முடியை அள்ளி முடிந்து, முந்தானையைச் செருகி, சரியான கதவுப் பக்கம் நகர்ந்து நிற்பது என் கையில் இருந்தது. நிற்காதவர்கள் பரேலுக்குப் போய்த் திரும்பி வருவார்கள். கோபம் வந்த நொடியில் எனக்குச் சுதந்திரம் மிகக் குறைவு. யாரோடு பழகினேன், எப்படித் தூங்கினேன், எதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகினேன் என்பதில்தான் அது நிறைய இருந்தது.

நினைவு போய்விட்டால் ஆளே போய்விட்டதாகச் சொல்லலாமா?

இதைக் கேட்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருப்பார். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

என் அப்பா 1963-ல் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். நாற்பது வருஷம் தோல் பட்டறை. கடைசி இரண்டு வருஷம் மறதி நோயோடு என் வீட்டில் இருந்தார். முதலில் மராத்தி போயிற்று, அப்புறம் இந்தி. தமிழ் நின்றது, அதுவும் ஊர்த் தமிழ். என்னைத் தன் அக்கா என்று நினைத்து ‘யக்கா’ என்று கூப்பிடுவார். ஒரு டாக்டர், ‘இவர் இப்போது உங்கள் அப்பா இல்லை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விளிம்பைப் பெருவிரலால் தடவுவார், மெல்ல மடிப்பார், நகத்தால் அழுத்தி இழுப்பார், திரும்பத் திரும்ப. நோயின் சேட்டை என்று நினைத்துத் துண்டைப் பிடுங்கி வைப்பேன். ஒரு பொங்கலன்று, எங்கள் கூட்டத்துக்கு இப்போது வருகிறாரே அந்தத் தோல் பை தைப்பவர், கரும்போடு வீட்டுக்கு வந்தார். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, ‘டீச்சர், அண்ணாச்சி விளிம்பு மடிக்கிறாரு. பசை தடவினதுக்கப்புறம் இப்படித்தான் அழுத்தணும்’ என்றார். பக்கத்தில் உட்கார்ந்து தன் கைக்குட்டையை எடுத்து அவரும் மடித்தார். அப்பா அதை வாங்கிப் பார்த்து, ஓர் இடத்தைச் சுட்டி, தலையை ஆட்டினார். சரியில்லையாம்.

1953-ல் மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தபோது இது திரும்பி வந்தது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் இதற்கு முன் வரைந்ததே இல்லை என்பார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

அப்பாவின் ‘நான்’ எங்கே இருந்தது? கொஞ்சம் கையில் இருந்தது, கொஞ்சம் ‘யக்கா’ என்ற சொல்லில் இருந்தது, கொஞ்சம் அந்தத் தொழிலாளியின் கண்ணில் இருந்தது. அவர் பார்த்திராவிட்டால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அதற்குப் பிறகு நான் துண்டைப் பிடுங்கவில்லை.

‘நான்’ நிலையானதில்லை என்றால் செய்த குற்றத்துக்கு யார் பொறுப்பு?

மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி சொன்னதே போதும். மாம்பழம் திருடியவன், ‘இவர் நட்டது கொட்டையை, நான் பறித்தது பழத்தை, அது வேறு இது வேறு’ என்றால் விட்டுவிடுவாயா? அதிலிருந்து இது வந்தது. அந்தத் தொடர்ச்சி இருக்கும்வரை பொறுப்பும் இருக்கும்.

‘நான்’ மாயை என்பது, உரிமை கேட்கிறவன் வாயை அடைக்கச் சொல்வதுதானே?

இதைக் கேட்டவர் அதே தோல் பை தைப்பவர்தான். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: ‘எங்க தாத்தாவ ஊர்ல பேரச் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாங்க, டீச்சர். “நான்”னு நிமிர்ந்து சொல்லவே விடலை. அவர்கிட்ட போய் “நான்” பொய்னு சொன்னா என்ன அர்த்தம்?’

அன்றைக்கு நாங்கள் வேறு எதுவும் படிக்கவில்லை.

1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்து மகாடில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கானோர் கூடவே குடித்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் அங்கே மறுபடி கூடியபோது, நாங்களும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் குளத்துக்குப் போகிறோம் என்றார். ‘நானும் ஆள்’ என்ற அறிவிப்பு அது. அதே அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் ஆன்மாவை ஏற்காத பௌத்தத்தைத் தழுவினார். ஒரு கையால் ‘நான்’ என்று நிலைநாட்டிவிட்டு மறுகையால் அழித்துவிட்டாரா?

நான் புரிந்துகொண்டது இது. பிறப்பிலேயே ஒருவனுக்குள் மாறாத ஒன்று இருக்கிறது, அதுதான் அவன் யார் என்பதைத் தீர்மானிக்கிறது என்கிற நம்பிக்கையின் மிகக் கொடிய வடிவம் சாதி. உள்ளே அப்படி மாறாத சரக்கு எதுவும் இல்லை என்றால் சாதிக்கு நிற்க இடமில்லை. அப்போது ஆன்மா மறுப்பு உரிமை கேட்பவனின் வாயை அடைக்காது, உரிமையைப் பறிப்பவனின் காலடி மண்ணைத்தான் எடுக்கும். நம் அயோத்திதாசப் பண்டிதர் 1898-லேயே பௌத்தத்தின் பக்கம் திரும்பியதும் இந்தத் திசையில்தான். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, என் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று அம்பேத்கர் 1954-ல் வானொலியில் சொன்னார். அவர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று, அவர் நினைவிடமான தாதர் சைத்தியபூமிக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பாருங்கள். கைக்குழந்தையோடு இரவெல்லாம் நிற்பார்கள்.

ஆனால் அவர் கேள்வியின் கூர்மை இன்னும் மிச்சம் இருக்கிறது. பற்று வைக்க ஒரு குழி நிலம்கூட இல்லாதவரிடம் ‘பற்றை விடு’ என்று உபதேசிப்பது அநியாயம். நம் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லப்படும் ‘நீதான் விட்டுக்கொடுத்துப் போகணும்’ என்பதும் இதே அநியாயத்தின் வீட்டுப் பதிப்பு. ‘எனது’ என்பதை விடச் சொல்ல வேண்டியது முதலில் வைத்திருக்கிறவர்களிடம்.

சுதந்திரம், விடுதலை, வீடு – எல்லாம் ஒன்றா?

சுதந்திரம் என்பது தன் வசத்தில் இருப்பது. விடுதலைக்கும் வீட்டுக்கும் வேர் ‘விடு’. அறம், பொருள், இன்பம், வீடு என்று கடைசி உறுதிப்பொருளுக்கும், தங்கும் இடத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். இந்த ஊரில் இதை யோசித்தால் ஒரு மாதிரி இருக்கும். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஆறு பேர் வாழ்ந்தோம். அதற்கும் வீடு என்றுதான் பெயர்.

மாணவிகளை ஒருமுறை போரிவிலி காட்டுக்குள் இருக்கும் கன்ஹேரிக் குகைகளுக்கு அழைத்துப் போனேன். கருங்கல் மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், பௌத்தத் துறவிகள் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் இருந்த இடம். சின்னச் சின்ன அறை, படுக்க ஒரு கல் திண்ணை, வாசலில் மழைநீர்த் தொட்டி. ஒரு மாணவி திண்ணையில் படுத்துப் பார்த்துவிட்டு, ‘நம்ம ரூமைவிடச் சின்னது டீச்சர். ஆனா இங்க இருந்தவங்க தானா வந்தாங்க இல்ல?’ என்றாள். ஆமாம். அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வந்த வழி வேறு. வெளியேறும் கதவு இருந்தது என்பதும் வேறு.

சரி, தினசரி வாழ்க்கையில் இதனால் என்ன மாறும்?

மணிமேகலை வரிசையில் ‘நுகர்வு’க்கு அடுத்து ‘வேட்கை’ வருகிறது. ரயிலில் பக்கத்தில் நின்றவளின் முழங்கை இடித்தது, வலித்தது; இது ஊறும் நுகர்வும். ‘அவளைத் திருப்பி இடிக்கணும்’ என்பது வேட்கை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தமிழே உதவும். நாம் ‘நான் பசிக்கிறேன்’ என்று சொல்வதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது, எனக்குத் தோன்றுகிறது என்கிறோம். வருவதெல்லாம் ‘எனக்கு’ வருகிறது. அதற்கப்புறம்தான் ‘நான் திட்டினேன்’. ‘எனக்கு’ என்பதற்கும் ‘நான்’ என்பதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் நிற்கப் பழகியிருக்கிறேன். பத்துக்கு இரண்டு தடவைதான் நிற்க முடிகிறது. அந்த இரண்டு தடவை வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது.

தியானத்தில் உட்கார்ந்தால் ‘நான் இல்லை’ என்று தோன்றிப் பயமாக இருக்கிறது.

நிறுத்திவிடுங்கள். எழுந்து சாப்பிடுங்கள், யாரோடாவது பேசுங்கள். உடம்பும் உலகமும் நிஜமில்லாததுபோன்ற உணர்வு நாள்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதை ஞானம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர முடியுமா?

ஓய்வுபெறும் வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். ‘நேற்று’ என்று பத்து வரி எழுத வேண்டும், ‘நான்’ என்ற சொல் வரக்கூடாது. முதலில் முனகினார்கள். அப்புறம் வகுப்பு அமைதியாகிவிட்டது. அம்மா, மழை, பக்கத்து வீட்டு நாய், குழாயில் தண்ணீர் வராதது எல்லாம் வந்தன. வழக்கமாக ‘நான், நான்’ என்று எழுதும்போது வராத விஷயங்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் நோட்டோடு என்னிடம் வந்தான். எட்டு வரி எழுதி நிறுத்தியிருந்தான். ‘எழுந்தேன்’, ‘குடித்தேன்’, ‘ஓடினேன்’ என்ற சொற்களின் கடைசியில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

‘டீச்சர், நான்-ஐ எடுத்துட்டேன். ஆனா இதுக்குள்ள இருக்குதே. இதையும் அழிக்கணுமா?’

வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொல்லி மீதி இரண்டு வரியை எழுதச் சொன்னேன்.